ஒரு கேமரா வாங்கிவிட்டு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறோம்?

இரண்டாம்_கேமரா

வார நாட்களில் ஆபீஸ், முகூர்த்த நாட்களில் ஒரு கல்யாண போட்டோ குழுவில் இரண்டாவது கேமரா. இந்தப் பக்கம் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பெண் வீட்டார் ஒரு குழுவுக்கும் மாப்பிள்ளை வீட்டார் இன்னொரு குழுவுக்கும் சொல்லியிருந்தார்கள். நாங்கள் பெண் வீடு, எங்கள் குழு மொத்தமும் கேனான். எதிரில் இருந்தவர்கள் மொத்தமும் நிக்கான். தாலி கட்டி முடிகிற வரைக்கும் ஒருவர் ஃபிரேமில் இன்னொருவர் தோளை விட்டுக்கொண்டு எப்படியோ ஓட்டிவிட்டோம். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை. சாம்பார் வரைக்கும் நல்ல பேச்சுத்தான், எந்த ஊர், எத்தனை வருடமாகத் தொழில், ஆல்பம் எங்கே அடிக்கிறீர்கள் என்று. ரசம் வந்தபோது எங்கள் அண்ணன் சும்மா இருக்காமல் ‘என்ன இருந்தாலும் ஸ்கின் டோன்னா கேனான்தான்’ என்றார், படத்தில் தோல் நிறம் வருகிற அழகைச் சொல்லி. அவ்வளவுதான். ‘டைனமிக் ரேஞ்ச்னு ஒண்ணு இருக்கே, கேள்விப்பட்டிருக்கீங்களா’ என்று, அதாவது பளிச்சென்ற வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் பிடிக்கிற திறனைச் சொல்லி, அந்தப் பக்கத்துப் பெரியவர் ஆரம்பிக்க, அடுத்த ஐந்து நிமிடம் பாயசம் ஊற்ற வந்தவர் வாளியோடு நின்று வேடிக்கை பார்த்தார்.

அவர்கள் கத்தியதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. நானும் கத்தினேன். என் கழுத்தில் தொங்கும் கேமரா என் சித்தப்பா பழையதாகிவிட்டது என்று பாதி விலைக்குக் கொடுத்தது. அவர் நிக்கான் வைத்திருந்தால் நானும் நிக்கான்தான் வைத்திருப்பேன், எதிர் இலையில் உட்கார்ந்து இதே சத்தத்தில் ‘டைனமிக் ரேஞ்ச்’ என்று கத்தியிருப்பேன். கம்பெனிக்காரன் எனக்குச் சம்பளம் தரவில்லை. என் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. எங்கள் வீட்டு மிக்ஸி என்ன பிராண்ட் என்று யாராவது கேட்டால் அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்வேன், அதைத் திட்டினால் எனக்குக் கோபமே வராது. கேமராவுக்கும் போனுக்கும் மட்டும் ஏன் இப்படி?

யாஷிகா_தாத்தா

தம்பி, நான் 1988இல் ஸ்டுடியோ போட்டவன். அப்போது என்னிடம் இருந்தது ஒரு யாஷிகா, ஒரு பென்டாக்ஸ் கே1000. கேமராவுக்காக யாரும் சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை. வாக்குவாதமெல்லாம் ஃபிலிமில்தான்: மஞ்சள் டப்பாவா, பச்சை டப்பாவா, அதாவது கோடாக்கா ஃபூஜியா. அதுவும் ரொம்ப நேரம் நீடிக்காது, ஏனென்றால் ஒரு ரோல் முடிந்தால் அடுத்ததை மாற்றிப் போட்டுப் பார்த்துவிடலாம். முப்பத்தாறு படத்தோடு தீர்ந்துபோகிற விசுவாசம்.

லென்ஸ் அப்படி இல்லை. இது விசுவாசம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள், நான் இதைக் கடன் என்று சொல்வேன். பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, நாலைந்து வருடத்தில் மாறிவிடும். லென்ஸ் பதினைந்து வருடம் இருக்கும். என் பையில் பாடி ஒரு பங்கு என்றால் லென்ஸ் மூன்று பங்கு. கேனான் லென்ஸ் நிக்கானில் உட்காராது, நிக்கான் லென்ஸ் கேனான் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமராவில்) இடையில் ஒரு வளையம் வைத்தால் உட்காரும், ஆனால் ஆட்டோஃபோகஸ் போய்விடும். பேட்டரி சேராது, சார்ஜர் சேராது, பிளாஷ் அடித்தாலும் முழுசாகப் பேசிக்கொள்ளாது. இரண்டிலும் போவது மெமரி கார்டு ஒன்றுதான்.

இன்னொன்றை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பையைத் திறந்து பார்க்கிறீர்கள், 70-200 லென்ஸுக்குள் பூஞ்சை. காலை நாலரைக்கு முகூர்த்தம். யாரிடம் போவீர்கள்? அதே மவுண்ட், அதாவது லென்ஸ் மாட்டுகிற வாய், வைத்திருக்கிற ஆளிடம். அதனால்தான் எங்கள் ஊரில் பஸ் ஸ்டாண்டுக்கு இந்தப் பக்கம் எல்லாரும் நிக்கான், அந்தப் பக்கம் எல்லாரும் கேனான். இந்தப் பக்கத்துப் பையன்களுக்கெல்லாம் தொழில் கற்றுக்கொடுத்தவர் நிக்கான் வைத்திருந்தார். அதைத் தவிர வேறு ஆராய்ச்சி எதுவும் நடக்கவில்லை. ஒருவன் மாறினால் அவன் லென்ஸ் மட்டும் போகாது, ராத்திரி பதினோரு மணிக்குத் தட்டக்கூடிய கதவும் போய்விடும். அப்படி இருக்கும்போது பக்கத்து இலைக்காரர் உங்கள் பிராண்டைக் குறை சொன்னால் அது லென்ஸைப் பற்றிய பேச்சாகவா காதில் விழும்?

அப்புறம் கை. கேனானிலும் நிக்கானிலும் பெரும்பாலான லென்ஸ்களில் ஜூம் வளையம் எதிரெதிர்த் திசையில் சுற்றும். லென்ஸை மாட்டுகிற திசையும் அப்படித்தான். ஒரு கல்யாணத்தில் மணவறையில் நிற்கும்போது என் கேமரா ஷட்டர் படுத்துவிட்டது. எந்தக் கம்பெனி என்று சொன்னால் இந்தத் திரி இங்கேயே முடிந்துவிடும், அதனால் சொல்ல மாட்டேன். எதிர்க்குழுப் பையன் பெரிய மனது வைத்துத் தன் இரண்டாவது கேமராவைக் கொடுத்தான். கெட்டிமேளம் கொட்டுகிறது, மாப்பிள்ளை கையில் தாலி, நான் கிட்டே போவதற்காக வளையத்தைத் திருப்புகிறேன், படம் விலகி விலகிப் போகிறது. முதல் முடிச்சில் எனக்குக் கிடைத்தது பாதி மண்டபம். இரண்டாவது முடிச்சிலும் அதே பாதி மண்டபம், கொஞ்சம் கோணலாக. நாத்தனார் மூன்றாவது முடிச்சுப் போடும்போதுதான் கைக்குப் புத்தி வந்தது. நாற்பது வயதில் எழுதுகிற கையை மாற்றச் சொன்னால் எப்படி இருக்கும், அதுதான். அன்றைக்கு எனக்கு அந்த பிராண்ட் மேல் வந்த கோபத்துக்கும் அந்தக் கேமராவின் தரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முழு_ஃபிரேம்_முருகன்

கேள்வி கேட்ட தம்பி மனதுக்குள் நிக்கான் ஆள் போலத் தெரிகிறது, அதனால்தான் குற்ற உணர்ச்சி. நாங்கள் பரம்பரைக் கேனான். எங்கள் ரத்தத்தில் நிக்கான் ஒரு சொட்டுக் கிடையாது.

யாஷிகா_தாத்தா

முருகன், உங்கள் ரத்தத்தில் முதல் சொட்டே நிக்கான்தான். கேனான் விற்பனைக்கு விட்ட முதல் கேமரா ஹன்ஸா கேனான், 1936 வாக்கில் வந்தது. அந்தச் சின்னக் கம்பெனிக்கு அப்போது லென்ஸ் செய்யத் தெரியாது. 1917இலிருந்து கண்ணாடி வேலை பார்த்துக்கொண்டிருந்த நிப்பான் கோகாகுவிடம் போய் நின்றார்கள், அவர்கள்தான் லென்ஸ் செய்து கொடுத்தார்கள். லென்ஸின் முகப்பில் நிக்கோர் என்றே பொறித்திருக்கும். நிப்பான் கோகாகு யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, பிற்பாடு நிக்கான் என்று பெயர் மாற்றிக்கொண்டவர்கள்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேனான் 1987இல் ஈஓஎஸ் என்ற புதுக் கேமரா வரிசையைக் கொண்டுவந்தபோது பழைய எஃப்டி மவுண்டைத் தூக்கி எறிந்துவிட்டது. அதுவரை சேர்த்து வைத்த லென்ஸெல்லாம் புதுக் கேமராவில் போகாது. விசுவாசத்துக்குக் கம்பெனி கொடுத்த மரியாதை அது. தொழில் கணக்கில் அந்த முடிவு சரிதான், ஃபோகஸ் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்ததால்தான் அடுத்த பத்து வருடத்தில் விளையாட்டு மைதானமெல்லாம் கேனானின் வெள்ளை லென்ஸ் வரிசையானது. நிக்கான் 1959இல் போட்ட எஃப் மவுண்டை விடாமல் இழுத்து வந்தது, அதனால் பழைய ஆட்கள் அதை விடவில்லை, வேகமாக ஃபோகஸ் வேண்டும் என்றவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். இரண்டு கம்பெனியும் கணக்குப் போட்டுத்தான் நடந்தன. பரம்பரை என்று பேசுவது நாம்தான்.

முழு_ஃபிரேம்_முருகன்

இது எனக்குத் தெரியாது அய்யா. இருந்தாலும் லென்ஸ்தானே அவர்களுடையது, கேமரா நம்முடையது.

கடைசி_பெஞ்ச்_கவி

‘நம்முடையது’ என்று எழுதினாரே, அந்த வார்த்தையைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கு கேமரா தெரியாது, போனில்தான் எடுப்பேன். ஆனால் உளவியல் படித்தேன், இந்தப் பாடம் கொஞ்சம் நினைவில் இருக்கிறது.

முதலில் ஜாக் பிரெம் என்பவர் 1956இல் வெளியிட்ட பரிசோதனை. கல்லூரிப் பெண்களிடம் டோஸ்டர், ரேடியோ மாதிரியான வீட்டுச் சாமான்களைக் காட்டி, எது எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். அப்புறம் அவற்றில் இரண்டைக் காட்டி, இதில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எடுத்த பிறகு மறுபடியும் மதிப்பெண். எடுத்துக்கொண்ட பொருளுக்கு மதிப்பெண் கூடியது, விட்ட பொருளுக்குக் குறைந்தது. பொருள் அதேதான், இடையில் போனது கொஞ்ச நேரம். அதைவிட முக்கியம், முதலில் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் போட்டிருந்தவர்களிடம்தான் இந்தத் தாவல் அதிகம்.

அதாவது இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதால்தான் மனம் இவ்வளவு பாடுபடுகிறது. கேனானை ஒரு பொம்மைக் கேமராவோடு ஒப்பிட்டு யாரும் கத்துவதில்லை. சமமான இரண்டில் ஒன்றை விட்டுவிட்டோம், விட்டதில் இருந்த நல்லதையும் விட்டுவிட்டோம் என்ற உறுத்தல் இருக்கிறதே, அதை மூட வேண்டும் என்றால் விட்டதைக் கொஞ்சம் கீழே தள்ள வேண்டும். அடுத்த வருடம் 1957இல் வந்த இன்னொரு ஆய்வில், புதிதாகக் கார் வாங்கியவர்கள் எந்த விளம்பரத்தைப் படிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஏற்கெனவே வாங்கிவிட்ட காரின் விளம்பரத்தைத்தான் அதிகம் படித்தார்கள். வாங்கி முடித்த பிறகு யூடியூபில் அதே போனின் ரிவ்யூவை நான்கு பேர் வாயால் கேட்கிறோமே, அது இன்று நேற்று வந்த வியாதி இல்லை.

ஆனால் கேள்வி கேட்டவர் விஷயத்தில் இது மட்டும் போதாது, ஏனென்றால் அவர் தேர்ந்தெடுக்கவே இல்லை, சித்தப்பா கொடுத்தார். அதற்கு ஹென்றி டாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் வேண்டும். போலந்தில் பிறந்த யூதர், குடும்பத்தில் பெரும்பாலானவர்களை நாஜிகளிடம் இழந்தவர். மனிதன் எவ்வளவு அற்பமான காரணத்துக்காக ‘நம் ஆள், அவன் ஆள்’ என்று பிரிவான் என்று பார்க்க விரும்பினார். பிரிஸ்டலில் பள்ளிப் பையன்களை வைத்துச் செய்து 1970இல் வெளியிட்டார். இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டினார்கள், க்ளே ஒருவர், கான்டின்ஸ்கி இன்னொருவர். எது பிடித்தது என்று கேட்டுவிட்டு, நீ இந்த அணி, நீ அந்த அணி என்று சொன்னார்கள். உண்மையில் அணி பிரித்தது கண்ணை மூடிக்கொண்டு. யார் எந்த அணி என்றுகூட ஒருவருக்கொருவர் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குக் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது பையன்கள் தன் அணிக்கு அதிகம் கொடுத்தார்கள். அதில் ஆச்சரியம் இல்லை. தன் அணிக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, எதிரணிக்கும் நமக்கும் இடைவெளி அதிகம் இருக்க வேண்டும் என்று பலர் பிரித்தார்கள். அந்த இடத்தை முதல்முறை படித்தபோது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

எட்டு மாதம் ஒரு அணியோடு வேனில் போய், அவர்கள் வாங்கித் தந்த டீயைக் குடித்து, அவர்கள் லென்ஸை மாட்டிய ஒருவர், பந்தியில் கத்தாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

ரஜினி, கமல் உதாரணத்தை யாராவது கொண்டு வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன், அது பாதிதான் பொருந்தும். இரண்டு டிக்கெட் வாங்கி இருவர் படத்தையும் பார்க்கலாம், கையில் காசு இருந்தால் ஒரே நாளில். மேலே தாத்தா சொன்ன கடன் அங்கே இல்லை.

ரீசார்ஜ்_அண்ணாச்சி

செல்போன் கடை வைத்திருக்கிறேன், பதினாறு வருடம். கவி சொன்னதெல்லாம் சரி, ஆனால் மனசை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டே போனால் கம்பெனிக்காரன் தப்பித்துவிடுவான். வேலி தானாக முளைக்கவில்லை, போட்டார்கள்.

ஆப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐபோனோடு வருகிற மெசேஜ் வசதி, ஐமெசேஜ், வந்தது 2011இல். மெசேஜ் ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போனால் நீலம், ஆண்ட்ராய்டுக்குப் போனால் பச்சை. அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பச்சைக்காரனைக் குரூப்பில் சேர்க்க யோசிப்பார்களாம். இதை ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்துவிடலாமே என்ற பேச்சு உள்ளுக்குள் நடந்திருக்கிறது. எபிக் என்ற கேம் கம்பெனி ஆப்பிள் மேல் போட்ட வழக்கில் 2021இல் அந்த மெயிலெல்லாம் வெளியே வந்தது. கொடுத்தால் நமக்கு நன்மையைவிடக் கேடுதான் அதிகம் என்று ஒரு பெரிய அதிகாரி எழுதியிருக்கிறார். கொடுத்துவிட்டால், ஐபோன் வைத்திருக்கிற குடும்பம் பிள்ளைக்கு ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுக்க இருக்கிற தடை விலகிவிடும் என்று இன்னொருவர். 2022இல் ஒரு மேடையில் ஒருவர் எழுந்து, என் அம்மாவுக்கு வீடியோ அனுப்ப முடியவில்லை என்று அப்போது ஆப்பிளை நடத்திய டிம் குக்கிடம் சொன்னபோது, அம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆண்ட்ராய்டு பக்கத்துக்கு நல்ல தரத்தில் படமும் வீடியோவும் அனுப்புகிற வழி, அதுதான் ஆர்சிஎஸ், ஐபோனுக்கு 2024இல்தான் வந்தது.

நம் ஊரில் எல்லாரும் வாட்ஸ்அப் என்பதால் நீலம் பச்சை சண்டை எடுபடவில்லை. அதனால் இங்கே வேலி வேறு மாதிரி. என் கடைக்கு வந்து கவர் கேட்கிறவர்களைப் பாருங்கள். ஆண்ட்ராய்டுக்காரர் ‘கீழே விழுந்தா உடையக் கூடாது’ என்பார். ஐபோன்காரர் பலர் ‘ஆப்பிள் தெரியிற மாதிரி இருக்கா’ என்பார், அதற்காகவே நடுவில் வட்ட ஓட்டை போட்ட கவர் வருகிறது. மாதத் தவணையில் வாங்கியவர்கள்தான் அதை அதிகம் கேட்பார்கள். நான் கிண்டல் செய்யவில்லை. பதினெட்டு மாதம் சம்பளத்தில் பிடித்தம் போகிற பொருளை மூடி வைக்க யாருக்கு மனசு வரும்? அந்த ஆளிடம் போய் ‘என் போனில் இதெல்லாம் பாதி விலைக்கு’ என்று ஒருவன் சொன்னால் அடிதான் விழும்.

மேலே சண்டை, கீழே வியாபாரம், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேடிக்கை. ஆப்பிளும் சாம்சங்கும் கோர்ட்டில் மோதி 2012இல் சாம்சங் ஆப்பிளுக்கு நூறு கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டும் என்று ஜூரி சொன்னது, இழுத்து இழுத்து 2018இல்தான் சமரசம். நடுவில் 2017இல் ஐபோன் எக்ஸ் வந்தது, அதன் ஓஎல்இடி திரை சாம்சங் செய்தது. ஐபோன்காரர் சாம்சங்கைத் திட்டி எழுதுவதே சாம்சங் திரையில் தேய்த்துத்தான்.

இன்னும் பின்னால் போனால் 1997, பாஸ்டன். ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் நின்று மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் போடுகிறது என்கிறார், பின்னால் பெரிய திரையில் பில் கேட்ஸ் முகம். கூட்டம் ஊளையிடுகிறது. ஆப்பிள் கம்பெனி மூச்சுத் திணறிக் கிடக்கிறது, பணம் கொண்டு வருகிறவனைப் பார்த்து ரசிகர்கள் கத்துகிறார்கள். ஆப்பிள் ஜெயிக்க மைக்ரோசாஃப்ட் தோற்க வேண்டும் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள் என்று ஜாப்ஸ் அவர்களுக்கே சொல்ல வேண்டி வந்தது. அப்படிச் சொன்ன அதே கம்பெனி 2006இலிருந்து மூன்று வருடம், நான் மேக் (ஆப்பிள் கம்ப்யூட்டர்), நான் பிசி (விண்டோஸ் கம்ப்யூட்டர்) என்று இரண்டு ஆட்களை நிற்க வைத்து பிசிக்காரனைக் கிண்டல் செய்து விளம்பரம் ஓட்டியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேக்காக நடித்த ஜஸ்டின் லாங் 2021இல் இன்டெல் விளம்பரத்தில் வந்து பிசியைப் புகழ்ந்தார். நடிகர் தாண்டிவிட்டார், பார்த்தவர்கள்தான் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.

ஈரமண்_இளங்கோ

கேண்டிட் எடுக்கிறேன். நான் இரண்டு அணியிலும் இல்லாதவன், அதாவது இருந்து போனவன். பதினோரு வருடம் நிக்கான். 2019இல் மொத்தமும் விற்றுவிட்டு சோனி.

தாத்தா சொன்ன கடனை நான் அடைத்தேன், எப்படி என்று கேளுங்கள். ஆறு லென்ஸை ஒரே மேசையில் பரப்பி வைத்தபோது வாங்க வந்தவர் ஒவ்வொன்றாக எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தார், எனக்கு ஜாதகம் பார்க்கிற இடத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. வாங்கிய விலையில் பாதிகூடத் தேறவில்லை. ஏன் மாறினேன் என்றால், சோனியின் ஐ ஆட்டோஃபோகஸ், அதாவது கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ். ஊஞ்சலில் ஆடுகிற பெண்ணின் கண்ணை விடாமல் பிடித்தது. நான் பார்த்தது 2018இல் வந்த ஏ7 மூன்றாவது மாடலில். அதே வருடம்தான் நிக்கான் இசட், கேனான் ஆர் என்ற கண்ணாடி இல்லாத கேமரா வரிசைகள் இரண்டும் வந்தன, புது மவுண்ட்டோடு. அதாவது என் கம்பெனியே மவுண்டை மாற்றிவிட்டது, இனி எந்தப் பக்கம் போனாலும் செலவுதான், அடாப்டர்தான். வேலியைக் கம்பெனியே பிடுங்கியதும் எனக்குக் கால் கிளம்பியது. நான் மட்டும் இல்லை, அந்த இரண்டு மூன்று வருடத்தில் எனக்குத் தெரிந்து நிறையப் பேர் தாண்டினார்கள்.

சரி, சொல்ல வந்தது அது இல்லை. மாறி மூன்றாவது வாரம் ஒரு பையனிடம் ‘இன்னுமா கண்ணாடி டப்பா வெச்சிருக்க’ என்று அவன் டிஎஸ்எல்ஆரைப் பார்த்துக் கேட்டேன். பதினோரு வருடம் அதே கண்ணாடி டப்பாவில் சோறு சாப்பிட்டவன். என் பழைய அணி என்னை ‘டிவி கம்பெனி கேமரா’ என்று கிண்டல் செய்தபோது, டிவி கம்பெனிதான் 2006இல் கோனிகா மினோல்டாவின் கேமராத் தொழிலை வாங்கியது, உங்கள் நிக்கான் டி800க்குள் இருக்கிற சென்சாரும் இந்த டிவி கம்பெனிதான் செய்தது என்று ஒரு வக்கீல் மாதிரி வாதாடினேன். யார் எனக்கு வக்காலத்துக் கொடுத்தார்கள்? ராத்திரி படுக்கும்போது யோசித்தால் ஒன்று தெரிந்தது. சோனியைக் காப்பாற்ற நான் பேசவில்லை. பாதி விலைக்கு விற்ற ஆறு லென்ஸுக்காகப் பேசினேன்.

பன்னிரண்டுக்கு_முப்பத்தாறு

ஆல்பம் டிசைன் செய்கிறேன். இந்தத் தொழிலில் மூன்று கம்பெனி ஃபைலையும் ஒரே நாளில் பார்க்கிறவன் நான்தான், அதனால் ஒரு சின்ன விஷயம்.

எனக்கு ஃபோல்டர் வந்ததும் யாருடையது என்று ஃபைல் பெயரிலேயே தெரியும். கேனான் ஐஎம்ஜி என்று ஆரம்பிக்கும், நிக்கான் டிஎஸ்சி போட்டு ஒரு கோடு, சோனி டிஎஸ்சி போட்டுக் கோடு இல்லாமல். இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரே ஆல்பம் கேட்டால் மூன்றும் கலந்து வரும். நான் முதல் வேலையாக எல்லாப் பெயரையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றிவிடுவேன். பிறகு ரா ஃபைலை, அதாவது கேமரா மெருகேற்றாமல் அப்படியே பதிந்த ஃபைலைத் திறந்து கலரைச் சமம் செய்வேன். பட்டுப்புடவைச் சிவப்பு ஒரு பக்கத்தில் குங்குமமாகவும் அடுத்த பக்கத்தில் தக்காளியாகவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என் கவலை.

ஒருமுறை வேண்டுமென்றே செய்தேன். 12க்கு 36 அங்குல ஆல்பத் தாள் ஒன்றில், ஒரே நலங்கு, இரண்டு பேர் எடுத்தது, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்தேன். கேனான்காரர் வந்து பார்த்து இடது பக்கப் படத்தைத் தொட்டு ‘இதான் நம்மது, தோலப் பாருங்க’ என்றார். சாயங்காலம் நிக்கான்காரர் வந்தார், அதே இடது பக்கத்தைத் தொட்டு ‘இதான் நம்மது’ என்றார். யாருடையது என்று நான் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை, இருவரும் எனக்கு வேலை தருகிறவர்கள். மாப்பிள்ளையின் அம்மா வந்து அந்தத் தாளையே வேண்டாம் என்று சொல்லிவிட்டார், இரண்டு படத்திலும் அவர் தங்கை முகம் மறைந்திருந்தது.

முழு_ஃபிரேம்_முருகன்

இடது பக்கம் கேனான்தான். பந்தயம்.

இரண்டாம்_கேமரா

எல்லாருக்கும் நன்றி. தாத்தா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு எங்கள் அண்ணனிடம் ஹன்ஸா கேனான் கதையைச் சொன்னேன். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார், பிறகு ‘அப்பவே நம்ம ஆளுங்க நல்ல லென்ஸ் எதுன்னு பார்த்துத்தான் வாங்கியிருக்காங்க’ என்றார்.

நேற்று இன்னொரு கல்யாணம், மறுபடியும் அதே நிக்கான் குழு எதிரில். வரவேற்பு நடுவில் எங்கள் அண்ணனுக்கு கார்டு நிறைந்துவிட்டது, மாற்றுக் கார்டு இருந்த பை வேனில், வேன் டீசல் போடப் போயிருக்கிறது, மேடையில் வரிசை வாசல்வரை நிற்கிறது. அந்தப் பெரியவர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து நீட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. அண்ணனும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிப் போட்டு எடுத்தார். பந்தி முடிந்து, படத்தையெல்லாம் லேப்டாப்பில் இறக்கிவிட்டு நான்தான் கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: ‘எங்க கார்டுல எடுத்தீங்கல்ல, இன்னிக்கு ஸ்கின் டோன் நல்லா வந்திருக்குமே?’